கிணற்றில் இறங்கிய மாப்பிள்ளை

"பட்டப்பகல்ல குடிச்சுப்புட்டு, நிக்க முடியாம உருண்டு கிடக்கிறவனுக்கா நான் பொண்ணு குடுக்கணும்? வெளிய வாலே!"

மகாராஜபுரத்தில் அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் முன்பே வேலுசாமியின் சத்தம் உள்ளே போய்விட்டது. பின்சீட்டிலிருந்து இறங்கிய அவர் மனைவி கருத்தம்மாள், "ஏங்க, மெதுவா. தெருவே பாக்குது" என்றாள்.

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்!"

ராஜபாளையத்தில் ஒற்றைத் தறியில் பேண்டேஜ் துணி நெய்ய ஆரம்பித்து, இன்றைக்குத் தறிக்கூடமும் மாந்தோப்புமாக நிற்கிற மனுஷன். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. வாய்க்கு வந்ததை அடக்கியதும் இல்லை.

கண்ணுச்சாமி வெளியே வந்தான். போன மாதம்தான் இவர் மகள் அழகுத்தாய்க்குப் பரிசம் போட்டவன். தூத்துக்குடியில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, கப்பலின் அடியில் பழுது பார்க்கிற வேலை. கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"வாங்க மாமா. வாங்கத்தை. ஆத்தா ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போயிருக்கு..."

"பாருட்டி, இன்னும் தெளியல!"

"நான் குடிக்கல மாமா."

"அப்போ மாடு மேய்க்கிற சோலைச்சாமி பொய்யா சொல்லுதான்? நேத்து எங்க தோப்புக் கிணத்து மேட்டுல வாந்தி எடுத்துட்டு, மாமரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தியாமே?"

"கிடந்தேன். கிணத்துக்குள்ள இறங்கிட்டு மேல வரையில காது அடைச்சிருச்சு."

"காது அடைச்சா செவிடாவான். தள்ளாடுவானா?"

"உள்ள போகையில காதுக்குள்ள ஏறுன காத்து, மேல வரையில வெளிய போகணும் மாமா. எனக்குச் சளி. மாத்திரை போட்டுட்டுத்தான் இறங்கினேன். உள்ள இருக்கையிலயே அது வேகம் குறைஞ்சிருச்சு. ஒரு காது விட்டுருச்சு, இன்னொண்ணு விடல. ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா அழுத்தவும் தலை ராட்டினமா சுத்திருச்சு. எது மேல, எது கீழன்னே தெரியல. திரும்பக் கொஞ்சம் கீழ போயி, செத்த நேரம் நின்னு நின்னுதான் ஏறினேன். அப்படியும் ஆளைக் கவுத்திருச்சு."

வேலுசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். சரக்கைத் தட்டிப் பார்க்கிற பார்வை.

"சளியோட இறங்கலாமா?"

"கூடாது."

"அது உனக்குத் தெரியுமா?"

"எங்க தொழில்ல மொதப் பாடமே அதான் மாமா."

"பொறவு ஏன் இறங்குன? அதுவும் என் கிணத்துல? அங்க எந்தக் கப்பல் முங்கிக் கிடக்கு?"

கண்ணுச்சாமி ஒருமுறை கருத்தம்மாளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"சும்மா... ஆழம் பாக்கத்தான்."

"ஆழம் பாக்க, தூத்துக்குடியில இருந்து பஸ்ஸுல சிலிண்டர் ஏத்திக்கிட்டு வந்தியாக்கும்!" வேலுசாமி சட்டைப் பையிலிருந்து செயினை உருவினார். "பரிசத்துக்கு நீங்க போட்டது. பிடி. உண்மை பேசாதவனுக்கு என் வீட்டுல பொண்ணு இல்ல."

கண்ணுச்சாமி கையை நீட்டவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அழகுத்தாய்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு..."

"அவ அழுது முடிச்சுட்டா. பிடிலே!"

"நிறுத்துங்க!" என்றாள் கருத்தம்மாள்.

"அத்தை, வேண்டாம். நீங்க சும்மா இருங்க."

"நீங்க சும்மா இருங்க மாப்ளே. எனக்காக ஒரு காது போனது போதும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்தச் செயினு நம்ம கிணத்துக்குள்ளதாங்க கிடந்துச்சு."

"மக கழுத்துல கிடந்தது கிணத்துக்கு எப்படிட்டி போச்சு?"

"அவ குளிக்கக் கழட்டி வச்சா. நான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். வீட்டுக் கண்ணாடியில பாத்தா யாராச்சும் சிரிப்பாகன்னு, தோப்புக்குப் போயி, கிணத்துத் தண்ணியில குனிஞ்சு பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. கொக்கி விட்டுருச்சு."

வேலுசாமி செயினின் கொக்கியைத் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை இவிய ஆத்தா கல்யாணப் புடவையோட வாராக. மக வெறுங்கழுத்தா நிக்கலாமா? உங்ககிட்ட சொன்னா என்னையவும் கிணத்துக்குள்ள தள்ளியிருப்பீக. இவியகிட்டதான் தூத்துக்குடிக்குப் போன் போட்டு அழுதேன். 'மாமாவுக்குத் தெரிய வேண்டாம் அத்தை'ன்னு சொல்லி, சளியோட முங்கி, சகதியைத் துழாவி எடுத்துக் குடுத்தாக. இப்பவும் வாயைத் திறக்க மாட்டேங்காக."

வேலுசாமி செயினைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"தறி வாங்குனீக, தோப்பு வாங்குனீக. கல்யாணமான நாள்ல இருந்து எங்கழுத்தை ஒரு தடவையாச்சும் பாத்தீகளா? வண்டியக் கிளப்புங்க. மாப்பிள்ளையக் காது டாக்டர்கிட்ட காட்டிட்டு, திரும்பி வரையில எனக்கும் ஒண்ணு வாங்கிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கன, இவிய ஆத்தாகூடத்தான் இருப்பேன்!"