இடது பட்டன் இல்லாத மவுஸ்

பங்குச் சந்தை வகுப்பு நடத்தும் தயாபரனின் மவுஸில் இடது பட்டன் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. கீபோர்டைத் தட்டியே பாடம் நடத்துவார். ஒவ்வொரு வகுப்பிலும் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: “ஸ்டாப் லாஸ்னு ஒரு கோடு போட்டுட்டீங்கன்னா, விலை அங்க இறங்கினதும் வெளிய வந்துடணும். கோட்டை மட்டும் கீழ நகர்த்தவே கூடாது.” நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த லூர்துமேரி, வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகு கேட்டாள்.

“இந்த மவுஸை வச்சு எப்படி சார் டிரேட் பண்றீங்க?”

“பண்றதில்லம்மா. நாலு வருஷமாச்சு. வீட்டுக்காரி கத்தியால நெம்பி எடுத்துட்டா.”

“புதுசு வாங்கலாமே?”

“வாங்கினா வீட்டைவிட்டுப் போயிடுவேன்னா. வாங்கினேன். போயிட்டா. அதுக்கப்புறம் இதையே வச்சுக்கிட்டேன்.”

லூர்துமேரியின் மடிக்கணினியில், அவள் வாங்கியிருந்த பங்கின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய சொந்தப் பணம், வேலையை விட்டபோது வந்தது. ஸ்டாப் லாஸாக அவள் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு இன்னும் மூன்று ரூபாய். இரண்டு. தயாபரன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையோடு எடுத்து வந்த மவுஸின் குழிக்குள் அவருடைய ஆள்காட்டி விரல் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ரூபாய்.

“கொஞ்சம் கீழ இறக்குங்கம்மா,” என்றார், யாருக்கோ பயந்தவர்போலத் தாழ்ந்த குரலில். “திரும்பி ஏறிடும்.”

லூர்துமேரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்பவே இறக்கிட்டேன் சார். இது ரெண்டாவது கோடு.”