முளைக்காதே என்றொரு ஆணை

குளத்தூர் அரிசி ஆலையின் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில், நெல் அவிக்கும் பாய்லரின் வால்வில் அதிகாரி வைத்துப்போன அரக்கு முத்திரையின்மேல் சிவப்பாக நிற்கிறது. பதினெட்டு வருடம் அந்த நெருப்பைக் காத்த சூசைராஜ், கரி படாத கைகளோடு எதிரே நிற்கிறார். சான்றிதழ் உள்ளவர்தான் இனிப் பாய்லரைத் தொடலாம் என்பது ஆணை. அந்தத் தேர்வை எழுதப் பத்தாம் வகுப்பு வேண்டும். அவர் படித்தது எட்டு. பக்கத்துத் தொட்டியில் முப்பது வீட்டாரின் சாப்பாட்டு நெல் நான்காம் நாளாக ஊறுகிறது. இரண்டாம் நாளே அவித்திருக்க வேண்டிய நெல். நுரை விளிம்பில் வழிய, புளித்த வாடைக்கு ஈக்கள் மொய்க்கின்றன. ஆலைக்காரி ஞானமணியின் கைபேசியில் சான்றிதழ்காரரின் குரல் கரகரக்கிறது.

"மாவட்டத்துல இந்தச் சர்ட்டிபிகேட்டு மூணு பேருக்குத்தாங்க்கா இருக்கு. என் தலையில மட்டும் பதினோரு மில்லு. வியாழக்கிழமை வாரேன்."

"வியாழக்கிழமைக்கு இங்கிட்டு நெல்லு இருக்காது தம்பி, எருதான் கெடக்கும்."

"ரூல்ஸு அப்படி. நான் என்னக்கா பண்றது?"

இணைப்பு அறுகிறது. சூசைராஜ் கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு ஒரு பிடி அள்ளி, வெயிலில் விரிக்கிறார். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளை முளை.

"ஆர்டரு போடுறவனுக்கு ஆளு இருக்கான்னு பாக்கத் தெரியாதாக்கா? நெல்லுக்கும் ஒரு நோட்டீஸு ஒட்டச் சொல்லுங்க, மொளைக்காதேன்னு!"

சுவரில் ஒட்டிய ஆணையின்மேல் அந்த ஈர நெல்லை அறைகிறார். அதிகாரியின் கையெழுத்து கரைந்து நீலமாக ஒழுகுகிறது. நெல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.