பத்துக்கு எத்தனை

"சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க சார்" என்றாள் நர்ஸ், சக்கர நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து.

"எனக்கில்லம்மா, இவளுக்கு" என்று அவர் வலது கையால் பின்னால் காட்டினார். நாற்காலியைத் தள்ளி வந்த மனைவி, இடுப்பைப் பிடித்தபடி அசடு வழியச் சிரித்தாள்.

பக்கவாதத்தில் அவருடைய இடது பக்கம் விழுந்து ஆறு வருடமாகிறது. படுத்தது அவர், முதுகு போனது அவளுக்கு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு என்று தினமும் எண்பது கிலோவைத் தூக்கினால் எந்த முதுகுதான் தாங்கும்?

டாக்டர் போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். "முதுகெலும்புல ஊசி போட்டுப் பாக்கலாம். கேட்டுச்சுன்னா தப்பிச்சீங்க. கேக்கலைன்னா ஆபரேஷன்தான். அப்புறம் மூணு மாசம் ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

மூன்று மாதம் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், அவருடைய அக்கா முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு இடம் கேட்டுவிட்டாள். அங்கே போனால் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவருக்கு அழுகைகூட வரவில்லை.

மனைவி திரைக்கு அந்தப் பக்கம் போனாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுருக்குன்னு இருக்கும்மா. அசையாதீங்க" என்றது டாக்டரின் குரல்.

"ஸ்ஸ்..."

திரைக்கு அடியில் தெரிந்த நர்ஸின் காலும் தள்ளுவண்டிச் சக்கரமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"டாக்டர், வலி போயிடுச்சு!" மனைவியின் குரல்தான். "காலையில பத்துக்கு எட்டுன்னு சொன்னேன்ல? இப்ப சைபர். சுத்தமா இல்லை. ஆபரேஷனெல்லாம் வேண்டாம் டாக்டர். என்னங்க, கேக்குதா? நாம வீட்டுக்கே போயிடலாம்!"

அவருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கேக்குதுடி, கேக்குது" என்றார் சத்தமாக.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, இது தோலை மரக்க வைக்கிற ஊசி. முதுகெலும்புல இன்னும் போடவே இல்லை."