கரைகிற ஆணி

"கரைஞ்சு போற ஆணியா? அதையா என் காலுக்குள்ள வைக்கப் போறே? நல்லா இருக்கே கதை!"

ஷாவ் குய்ஃபென் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தாள். கணவர் லுவானுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதைகளைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, டாக்டர் தோங்கைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

முந்தாநாள் ஊறுகாய் போட முட்டைக்கோஸ் வாங்கப் போன குய்ஃபென், பனியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு மூன்று துண்டு. வயது எழுபத்தொன்று. ஷென்யாங் நகரத்தில் அவர்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எலும்பு கூடவில்லையென்றால் அவள் இனி வாசல்படி தாண்ட முடியாது.

"அம்மா, உங்க எலும்பு தேய்ஞ்சு பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு," என்றாள் டாக்டர் பொறுமையாக. "சாதாரண ஆணி வச்சா, பின்னால அதை எடுக்க மறுபடி அறுக்க வேண்டி வரலாம். உங்க எலும்பு தாங்காது. இது மக்னீசியம். ஒரு வருஷத்துல தானாக் கரைஞ்சிடும்."

"எலும்பு கூடறதுக்கு முன்னாடியே கரைஞ்சுட்டா?"

"அதுக்குத்தான் மேல ஒரு பூச்சு இருக்கு. எலும்புல இருக்கிற அதே சத்து. ஆணி அவசரப்பட்டுக் கரையாம பாத்துக்கும், சுத்தி எலும்பையும் வளர வைக்கும்."

"பூச்சைப் பத்தி எங்கிட்டயே சொல்றியா? பூசி மெழுகிக் கொண்டு வந்த எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"ஆரம்பிச்சுட்டா," என்று முணுமுணுத்தார் லுவான். "டாக்டரம்மா, இவ உலோகத் தொழிற்சாலையில முப்பது வருஷம் பரிசோதகர். ஒரு புள்ளி அரிச்சிருந்தாப் போதும், மொத்தச் சரக்கும் குப்பைக்குத்தான். 'வேணாம் ஷாவ்'னே பேரு வச்சிருந்தாங்க. மறுபேச்சில்லாம இவ கையெழுத்துப் போட்டது எங்க கல்யாணப் பதிவுல மட்டும்தான்."

"அன்னிக்கு அவசரப்பட்டேன், இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்," என்றாள் அவள்.

பக்கத்துக் கட்டில்காரி வாய்விட்டுச் சிரித்தாள். குய்ஃபென் சிரிக்கவில்லை.

"சரி, முழுசாக் கரையுமா? பாதி கரைஞ்சு மீதி உள்ளயே கிடந்து உறுத்தினா? கூடவே இருந்து பாத்தவங்க யாரு? கம்பெனிக்காரன் அச்சடிச்ச வழவழத் தாளை நீட்டாதே. விக்கிறவன் நல்லதாத்தான் சொல்லுவான். இதைப் பிடிக்காதவங்க யாராவது எழுதினது இருந்தா கொண்டா, நம்பறேன்."

தொலைந்தது என்று நினைத்துக்கொண்டார் லுவான். வீட்டுக்குத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் கேட்க வேண்டியதுதான்.

டாக்டர் தோங் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியும் ஒண்ணு இருக்கும்மா. ரொம்பப் பழசு. எங்க பேராசிரியர் இந்த ஆராய்ச்சியில இறங்கினதே அந்தத் தாளைப் பாத்துத்தான்னு சொல்லுவார். நான் படிச்சதில்லை. இருங்க."

பத்து நிமிடத்தில் செவிலி ஒருத்தி பேராசிரியர் அறையிலிருந்து பழுப்பேறிய தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். குய்ஃபென் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவள் காது இரண்டும் சிவந்துபோனதை லுவான் பார்த்தார். போச்சு, இப்போது இரண்டு மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தப் போகிறாள்!

"பேனா எங்க?" என்றாள்.

ஒப்புதல் படிவத்தில் மூன்று இடத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டாள். பழுப்புத் தாளை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டருக்கு நம்ப முடியவில்லை. "இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்களேம்மா!"

"எழுதினது நம்பகமான ஆளு. மேல ஒண்ணும் கேக்காதே. எப்ப ஆபரேஷன்?"

லுவானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐம்பது வருடமாகத் தன்னால் முடியாததைச் செய்துகாட்டிய அந்தத் தாளை மெல்ல எடுத்துத் திருப்பினார். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே கட்டை எழுத்தில் நாலே வரி:

"மக்னீசியக் கலவை, புதிய மாதிரி. உப்பு நீரில் பதினோரு மாதத்தில் முழுக்கக் கரைந்துவிட்டது, துளி மிச்சமில்லை. எவனுக்கும் எந்தக் காலத்திலும் உதவாது. வேண்டாம். – பரிசோதகர் ஷாவ் குய்ஃபென்."