எல்லை தாண்டிய மூடி

“அத்தை, மூடி கிடக்குறது வேற நாடு!”

“அதுல என் பேரு வெட்டியிருக்குடா.”

போரில் நொறுங்கிய டாங்கியைப் பார்க்க வந்த இடத்தில் அத்தை புளியோதரைத் தூக்கைத் திறந்தார். மூடி உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. அது இல்லாமல் பஸ் ஏற மாட்டாராம்.

“கோட்டுக்கிட்டப் போகாதீங்கம்மா,” என்று காவலுக்கு நின்ற தேனிக்காரச் சிப்பாய் கெஞ்சினார்.

எதிர்ப்பக்கச் சிப்பாய் குனிந்து மூடியை எடுத்தார். துடைத்தார். உள்ளே போய்வந்து, சரியாகக் கோட்டின்மேல் வைத்தார். அதில் ஆறு பேரீச்சம்பழம்!

“வெறும் பாத்திரமாத் தரல பாரு, நல்ல வளர்ப்பு,” என்ற அத்தை, பழத்தை எடுத்துக்கொண்டு மூடி நிறையப் புளியோதரை வைத்து என்னிடம் நீட்டினார்.

“மறுபடி மூடி போயிடுமே அத்தை?”

“அதான் திருப்பித் தருவானே!”

தேனிக்காரர் விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறார். மூடி இப்போது என் கையில். கோட்டுல வச்சிடவா, நீங்க என்ன சொல்றீங்க?