ஆற்றாத டீ

பூதத்தான் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்து மேஜைக்கு அடியில் வைத்திருந்தான்.

டீ வந்துவிட்டது. ஆவி பறந்தது. கை திமிறியது.

பம்பாய் சயானில் இட்லிக்கடைக் கண்ணாடிகள் நொறுங்கும் சத்தம் கேட்டு, இந்த இரானி ஓட்டலுக்குள் ஓடி வந்து பத்து நிமிடம் ஆகிறது. ஒளிய வந்தவன் சும்மா உட்கார முடியுமா? டீ சொல்லித் தொலைத்தான்.

அந்த அறுபத்தேழில் பம்பாய்த் தெருவில் மதராசி என்று தெரிந்தால் அடி. அதனால் காலையிலேயே நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு, மச்சினனின் பேண்டுக்குள் புகுந்திருந்தான். உள்ளே இன்னொரு மச்சினனுக்கும் இடமிருந்தது.

கையை என்ன செய்வது? சூடான டீயைக் கண்டால் அது தானாக ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றும். நேற்று தாராவிக்காரன் ஒருவன் பிடிபட்டதே, கப்பிலிருந்து கிளாசுக்கு டீயை ஆற்றியதால்தான் என்று பேச்சு.

நுணல் வாயால் கெடும். பூதத்தான் மணிக்கட்டால் கெடப்போகிறான்.

எதிரில் ஒரு பெரிய மீசைக்காரர். முன்னால் மராத்திப் பேப்பர். அதைப் படிக்காமல் இவன் முழங்கையையே படித்துக்கொண்டிருந்தார்.

கம்புகளோடு நான்கு பேர் உள்ளே வந்தார்கள்.

"இதர் கோயி மதராசி ஹை க்யா?" மதராசி எவனாவது இருக்கிறானா என்று கேள்வி.

எல்லா மேஜையிலும் தலைகள் கப்புக்குள் குனிந்தன.

ஒருவன் பூதத்தானின் தோளருகே வந்து நின்றான். தொடாமல் கிடந்த டீயைப் பார்த்தான். குடி என்று தாடையால் காட்டினான்.

பூதத்தான் சாஸரில் ஊற்றினான். பிறவிப் பம்பாய்க்காரன்போல 'சுர்ர்' என்று உறிஞ்சினான். நாக்கு வெந்தது. தொண்டை வெந்தது. மனைவி பேராச்சியின் தாலிக்காக இன்னொரு சாஸர் குடித்தான். கண்ணில் முட்டிய நீரைச் சிரிப்பாக மாற்றப் பார்த்தான்; வாய் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

கம்பு நகர்ந்தது. அடுத்த மேஜை. அதற்கடுத்தது. பிறகு வாசல். பிறகு தெரு.

மீசைக்காரரின் பார்வை மட்டும் நகரவில்லை. வாசலுக்கு எத்தனை எட்டு என்று பூதத்தான் எண்ணிப் பார்த்தான். வெளியே போனவர்கள் வெறும் கம்பு; நிஜமான ஆள் இவர்தான்.

அவர் பேப்பரை மடித்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தன் கப்பைத் தூக்கி, கிளாசுக்கும் கப்புக்குமாக நாலு வீச்சு வீசினார். நுரை பொங்கி நின்றது.

"ஒரு மணி நேரமா கை நமநமன்னு இருக்கு வே," என்று கிளாஸை இவன் பக்கம் தள்ளினார். "நாக்கு வெந்து போச்சுல்லா? இதக் குடியும்."

பூதத்தான் கிளாஸை எடுத்தான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு மேஜையில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

பிறகு இன்னொன்றில்.