ஒரே அளவுச் சொட்டு

"மறுபடியும் அழுத்துங்கப்பா."

லூர்துராஜ் சிரிஞ்சை அழுத்தினார். அதோடு இணைத்திருந்த உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தகட்டிலிருந்து தண்ணீர், எண்ணெய்க்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெரிசும் சிறிசுமாக.

மகள் ஃபிளோரா அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்தாள். குடிதண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க, மலிவு விலையில் அவள் உருவாக்கும் கருவி அது. கரன்ட் வேண்டாம். சொட்டுகள் மட்டும் ஒரே அளவில் விழ வேண்டும்.

"என் கை நடுங்குறதாலதாம்மா கெட்டுப்போவுது. உன் தம்பிகிட்ட குடு. அவன் அழுத்துனா அச்சுல வார்த்த மாதிரி விழுதுல்ல?"

"இல்லப்பா, நீங்கதான் அழுத்தணும்."

வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா கிடக்கும் அப்பனுக்கு ஆறுதலாக ஏதோ செய்கிறாள். லூர்துராஜுக்குச் சுருக்கென்றது.

"எம்மேல பரிதாபப்பட்டு உக்கார வைக்காதம்மா" என்று எழுந்தார்.

"பரிதாபமா? வெள்ளம் வந்தா ஆடுற படகுல உக்காந்துதான் தண்ணிய சோதிக்கணும். அங்க யார் கைப்பா ஆடாம நிக்கும்? உங்க கைநடுக்கத்துக்கும் சரியா விழுந்தாத்தான் இது தேறும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

லூர்துராஜ் தன் விரல்களைப் பார்த்தார். அப்போதும் அவை நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த தகட்ட மாட்டு. உன் மெஷினா, என் நடுக்கமா, இன்னைக்குப் பாத்துருவோம்."